ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஒரு திருமண சேவை: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் கலியாணத் தரகர்களுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அவர்களுடைய கொப்பிகளில் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்களின் சாதகங்களே நிறைந்திருக்கும். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வதிவிட உரிமை கிடைத்துவிட்டதா, பெண்ணுக்கு வீடு வளவு எழுதிக் கொடுப்பார்களா என்ற விசாரணையோடுதான் பேச்சே ஆரம்பிக்கும். ஐம்பது, அறுபது வயதில் துணையை இழந்து தனித்திருப்பவருக்கு, அதிலும் தன் இனத்துக்கும் மொழிக்கும் சமயத்துக்கும் அப்பால் ஒருவர் அமைந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு, அந்தக் கொப்பிகளில் எந்தப் பக்கத்திலும் இடமில்லை. அத்தகையவர்களுக்கென்றே நகரில் நடந்துவரும் ஒரு சிறிய திருமண சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அங்கே பதிவுசெய்தவர்களில் பலர் தம் பிள்ளைகளிடம்கூட இன்னும் வாய் திறக்கவில்லை என்பதால், பெயரையும் முகவரியையும் பொதுவெளியில் எழுத வேண்டாம் என்று அதனை நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த வேண்டுகோளை மதித்தே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெவ்வேறு பண்பாட்டில் வளர்ந்து முதிர்ந்த இருவர் ஒரே கூரையின் கீழ் வாழ எண்ணினால், ஒருவர்மீது ஒருவருக்குப் பற்று உண்டாவதற்கு முன்னரே பேசித் தீர்க்கவேண்டிய விடயங்களை வாய்விட்டுப் பேசவைக்கும் இடம், எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணத்தில் இது ஒன்றுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே இதனை மனமாரப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் உண்டு. அவற்றுள் இரண்டு என்னை மிகவும் நோகச் செய்தவை; அவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. கணவர் நோயுற்றுக் காலமாகி நீண்ட காலமாகிறது. மகள் குடும்பத்தோடு ரொறன்ரோவில் இருக்கிறாள். மகன் கொழும்பில் வேலை செய்கிறான். இந்தச் சேவையின் மூலம் எனக்கு அறிமுகமானவர் குருநாகல் மாவட்டத்தின் மாகோப் பகுதியைச் சேர்ந்த சிங்கள பௌத்தர், புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். எங்களுடைய எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முடிந்து, இப்போது ஆண்டின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திலும் மறுபகுதியை மாகோவிலும் கழிக்கிறோம். ஆகவே இச்சேவையின் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்த ஒருவரின் மதிப்பீடாக இதனைக் கொள்ளலாம்.

அலுவலகம் ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இயங்குகிறது. படிக்கட்டு ஒடுக்கமானது, ஒரு பக்கத்தில் மட்டுமே கைபிடி இருக்கிறது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கென்று தொடங்கிய சேவை முழங்கால் வலி உள்ளவர்களை மாடி ஏறவைப்பது சரியன்று. முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால் கீழே உள்ள கடையின் பின்னறையில் சந்திக்க ஏற்பாடு செய்கிறார்கள் என்பதை இரண்டாம் முறை போனபோதுதான் அறிந்தேன். பதிவுக் கட்டணம் 5,000 ரூபா. அது ஓராண்டுக்குச் செல்லும். சம்பந்தம் கைகூடினால் தரகுக் கூலி எதுவும் இல்லை. கூலி இல்லாதபடியால் எப்படியாவது முடித்துவைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களிடம் காணப்படவில்லை. வழமையான தரகரிடம் போய் வந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பதிவுசெய்ய வருபவரின் அடையாளத்தை உறுதிப்படுத்துவதில் அவர்கள் காட்டும் கண்டிப்பைத் தனியே குறிப்பிட வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், துணைவரின் இறப்புச் சான்றிதழ் அல்லது விவாகரத்துத் தீர்ப்பு, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று ஆகிய அனைத்தும் இல்லாமல் ஒருவரின் பெயரைக்கூட மற்றவருக்குச் சொல்வதில்லை. முகநூலில் வெளிநாட்டு வைத்தியர் என்றும் கப்பற் பொறியியலாளர் என்றும் அறிமுகமாகி, விலையுயர்ந்த பரிசுப் பொதி சுங்கத்தில் தடைப்பட்டிருப்பதாகச் சொல்லி, தனித்திருக்கும் பெண்களிடம் வங்கிக் கணக்குக்குப் பணம் போடவைக்கும் மோசடி நாட்டில் பரவலாக நடக்கிறது. இலங்கைச் சுங்கத் திணைக்களமே இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. எங்கள் ஊரிலும் சேமலாப நிதியை அப்படி இழந்து, வெட்கத்தால் பொலிசுக்கும் போகாமல் இருந்த ஒருவரை அறிவேன். இணையத் திருமணத் தளங்களில் சமயம், சாதி, நட்சத்திரம் என்று சல்லடை போட்டுத் தேட முடியுமே தவிர, மறுபக்கத்தில் இருப்பவர் உண்மையில் யார் என்பதை உறுதிசெய்ய ஆள் இல்லை.

இச்சேவையின் உயிர் அவர்கள் நிரப்பத் தரும் வினாக்கொத்தில்தான் இருக்கிறது. அதில் நட்சத்திரமும் இராசியும் இல்லை. உயரம், நிறம் பற்றிய கேள்வியும் இல்லை. முதற்பக்கமே அடுக்களையில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதுண்டா? நீங்கள் விரதம் இருக்கும் நாளில் அதே அடுப்பில் மற்றவர் மீன் சமைப்பதை உங்களால் ஏற்க முடியுமா? முடியாதெனில் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்? இப்படி ஒவ்வொரு கேள்வியின் கீழும் பதில் எழுத அரைப்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஆம், இல்லை என்று அடையாளமிட்டு நழுவ முடியாது.

இது சிறிய விடயமன்று. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் பிறந்த எனக்கு, மாசிக் கருவாடு என்பது மச்சச் சமையலுக்குரிய பொருள். அவருடைய ஊரிலோ பருப்புக்கும் சம்பலுக்கும் கீரைச் சுண்டலுக்கும் அதை இடித்துத் தூவாவிட்டால் கறி முழுமை பெறாது. அது மீன் என்ற எண்ணமே அங்கு பலருக்கு வருவதில்லை. இதனை முன்கூட்டியே எழுத்தில் பார்த்திராவிட்டால், கந்தசஷ்டி விரத நாளொன்றில் நல்லெண்ணத்தோடு அவர் அரைத்துவைக்கும் சம்பலே எங்களுக்குள் முதலாவது மனக்கசப்பாகியிருக்கும். இப்போது எங்கள் குசினியில் மாசிக்கென்று மூடியுள்ள ஒரு போத்தலும், விரதச் சமையலுக்கென்று இரண்டு மண்சட்டிகளும் தனியாக இருக்கின்றன. இரம்பையும் சேரையும் போட்டு அவர் வைக்கும் பருப்பைச் சனிக்கிழமைகளில் நான் விரும்பிச் சாப்பிடுகிறேன்; எங்கள் வறுத்த கறித்தூளின் காரத்துக்கு அவர் இன்னும் முழுமையாகப் பழகவில்லை.

வினாக்கொத்தின் நடுப்பகுதி உடல்நலம், பணம், பிள்ளைகள் ஆகியவற்றைப் பற்றியது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டா, எந்தக் குளிசைகள் எடுக்கிறீர்கள், எந்த வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போகிறீர்கள், கடன் உண்டா, ஓய்வூதியம் எவ்வளவு, பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறீர்களா அல்லது அவர்கள் அனுப்புகிறார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். இவை எதிர்பார்க்கக்கூடியவை என்பதால் விரித்து எழுதவில்லை.

நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று இறுதிப் பகுதியில் இருந்தது. உங்கள் ஈமக்கிரியை எந்த முறையில், எந்த ஊரில், யாருடைய கையால் நடைபெற வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? அதனை வாசித்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்க்கையில், அறுபதைத் தொடும் இருவர் ஒருவரையொருவர் கேட்கவேண்டிய முதன்மையான கேள்விகளில் இதுவும் ஒன்று என்பதை உணர்ந்தேன். எங்கள் முறையில் மகன் கொள்ளி வைக்க வேண்டும், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் நடக்க வேண்டும். அவர்களுடைய முறையில் பிக்குமாருக்கு வெண்துணி கொடுத்து, பிரித் ஓதி, தானம் கொடுக்க வேண்டும். இரண்டு முறைகளையும் அறிந்த உறவினர் ஒருவரும் இல்லாத வீட்டில், மரணம் நிகழ்ந்த நாளில் இரு தரப்புப் பிள்ளைகளும் முற்றத்தில் நின்று வாக்குவாதப்படுவதைத் தவிர வேறு என்ன நடக்கும்? நாங்கள் இருவரும் அவரவர் முறையையே எழுதினோம். முந்திப்போகிறவரின் முறைக்கு மற்றவர் முன்னின்று உதவுவது என்று முடிவுசெய்து, பிள்ளைகளுக்கும் அறிவித்துவிட்டோம். முதுமையில் காதல் என்றவுடன் கோயிலும் கடற்கரையும் கைகோத்து நடப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எனக்கோ, என் உடலை என் சமயப்படி அனுப்பிவைப்பேன் என்று வேறு சமயத்தவர் ஒருவர் தன் கையெழுத்தில் எழுதித் தந்த அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் அவர்மீது நம்பிக்கை முழுமையாக உண்டாயிற்று.

இன்னொரு கேள்வியும் இருந்தது. முதற்சந்திப்பில் எதைப்பற்றிப் பேச நீங்கள் விரும்பவில்லை? நான் 1995 என்று மட்டும் எழுதினேன். அவர் தம்பி என்று எழுதியிருந்தார். இவ்விரண்டு பதில்களையும் பார்த்த நடத்துநர், முதற்சந்திப்பில் இவற்றைத் தொடக்கூடாது என்றும், சந்திப்புத் தொடருமானால் இரண்டாவதில் கட்டாயம் பேச வேண்டும் என்றும் விதித்துவிட்டார்.

முதற்சந்திப்பை மலாயன் கபேயில் ஏற்பாடு செய்தார்கள். வாழையிலையில் பரிமாறும் சைவ உணவகம் என்பதால் எனக்குச் சங்கடமில்லை. எப்போதும் ஆட்கள் நிறைந்திருக்கும் இடம் என்பதால் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடத்தெரிவில் அவர்களுக்கு நல்ல அனுபவம் இருப்பது தெரிந்தது. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மலையகத்தில் பிறந்து இரண்டு மொழிகளும் சரளமாகப் பேசும் ஓர் இளம்பெண். அவர் எங்கள் இருவருக்கும் நடுவே உட்காராமல் மேசையின் ஓரத்தில் அமர்ந்துகொண்டார். ஆகையால் நாங்கள் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்தே பேச நேர்ந்தது. எதிரே இருந்தவர் 1980களில் வடபகுதிப் புகையிரதப் பாதையில் பணிபுரிந்தவர் என்பதால் கொடிகாமம், பளை, பரந்தன் என்று நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பேச்சுத் தமிழ் பாதிக்கு மேல் விளங்குகிறது. பதில் சொல்லத்தான் கூச்சப்படுகிறார். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதம் 1990 இல் தடைப்பட்டு, 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் தான் வேலைசெய்த நிலையங்களின் நிலை என்னவாயிற்று என்று விசாரித்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்.

இரண்டாவது சந்திப்பு அலுவலக அறையிலேயே நடந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு போரினால் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவரும் கிழக்கே தென்மராட்சியை நோக்கி வெளியேறியபோது, மழையில் நனைந்துகொண்டு, நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் என் தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனதையும், இடம்பெயர்ந்த இடத்திலேயே அவர் கண்மூடியதையும், அவருடைய கிரியைகளை உரியபடி செய்ய முடியாமற்போனதையும் சொன்னேன். அவருடைய தம்பி இராணுவத்தில் சேர்ந்து வடக்கிலேயே இறந்தவர். உடல் வீட்டுக்கு வந்துசேரவில்லை. தாயார் சாகும்வரை ஒவ்வொரு நாளும் படலையைப் பூட்டாமல் வைத்திருந்தாராம். அவர் பேசத் தொடங்கியபோது மொழிபெயர்ப்பாளர் என்னிடம் மெதுவாக, "அம்மா, அவர் சொல்றத அப்படியே சொல்லட்டுமா, கொஞ்சம் குறைச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "அப்படியே சொல்லுங்கோ பிள்ளை" என்றேன். அவரும் ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். நான் சொன்னதையும் சிங்களத்தில் அவ்வாறே சொல்லியிருப்பார் என்பதை எதிரே இருந்தவரின் முகம் காட்டியது.

அந்தச் சந்திப்பில் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. யாருடைய தரப்பு நியாயமானது என்ற விவாதமும் எழவில்லை. எழக்கூடாது என்பதை நடத்துநர் முன்பே சொல்லியிருந்தார். கேட்பது மட்டுமே அன்றைய வேலை. அன்று வேறு எந்தச் சந்திப்பையும் அவர்கள் ஏற்பாடு செய்வதில்லை. மறுபடி சந்திக்க விருப்பமா என்று கேட்பதற்குக்கூட ஒரு வாரம் விடுகிறார்கள். எங்கள் தலைமுறையினர் ஒரே நாட்டில் பிறந்தும் தனித்தனி மொழிமூலப் பாடசாலைகளில் படித்து, ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமலே முதியவர்களானோம். நான் கற்பித்த காலத்தில்தான் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கப்படுவதைப் பார்த்தேன். என் வயதினருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அத்தகைய இருவரை ஓர் அறையில் இருத்தி, தகுதியான மொழிபெயர்ப்பாளரின் துணையோடு, இழப்பைச் சொல்லவைக்கும் துணிவு இந்த ஊரில் வேறு யாருக்கும் இருந்ததாக நான் அறியேன். கட்டணத்தின் பெறுமதி அந்த ஒரு பிற்பகலிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு நயினாதீவுக்குப் போகும்படி ஆலோசனை சொன்னார்கள். குறிகட்டுவானில் படகேறினால் ஒரே தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மணியாசனம் ஒன்றுக்காகப் போருக்கு நின்ற இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் அங்கு வந்தார் என்பது பௌத்த மரபு. எங்களுக்கோ அது அம்மனின் சக்தி பீடம். அவர் மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் வந்தார். நான் விகாரையில் அவரோடு மலர்த்தட்டு ஏந்தி நின்றேன். இருவரில் எவரும் மற்றவரின் சமயத்துக்கு மாறவேண்டிய தேவையில்லை என்பதை அன்று பேசி முடிவெடுத்தோம். வெசாக் காலத்தில் எங்கள் வீட்டுப் படலையில் வெசாக் கூடு தொங்கியபோது அயலவர் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கார்த்திகை விளக்கீட்டன்று மாகோ வீட்டு வாசலில் நான் பந்தம் நட்டுக் கொளுத்தியபோது அங்குள்ள அயலவரும் அதையேதான் செய்தார்கள்.

சட்ட ஆலோசனையை இந்தச் சேவை கட்டாயமாக்கியிருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. நொத்தாரிசாகவும் இருக்கும் ஒரு சட்டத்தரணி, இருவரையும் தனித்தனியாகவும் பின்னர் சேர்த்தும் சந்திக்கிறார். அங்கு நான் கற்றவை பலருக்கும் பயன்படக்கூடியவை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களின் திருமணம் 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் பதியப்படும். மணமகன் கண்டிய சிங்களவராக இருந்தாலும், இருவருமே கண்டியராக இருந்தால் மட்டுமே 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டத்தின் கீழ் பதிய முடியும். வழமையான முறையில் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்துக் குறித்த நாட்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இயலாதவர்கள் விசேட அனுமதிப்பத்திரம் பெறலாம்.

அடுத்தது தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை பற்றிய வழமைச் சட்டம். எனது வீடு என் பெற்றோர் சீதனமாகத் தந்தது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்துப் பெண்கள் அனுபவத்திலேயே அறிவார்கள். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்தத் திருமணம் நிலைத்திருக்கும் காலம்வரை அவள் தேசவழமைக்கு உட்படமாட்டாள். மறுதலையாக, உட்படாத பெண் உட்பட்ட ஆணை மணந்தால், அவள் அதற்குள் வந்துவிடுவாள். இதனால் சிங்களவர் ஒருவரை மணக்கும் நான் என் வீட்டைப் பற்றி எவருடைய கையொப்பமும் இல்லாமல் முடிவெடுக்கலாம். அதேவேளை, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பொதுச் சட்டப்படி உயிரோடிருக்கும் துணைவருக்குச் சொத்தில் பாதி சேரும் என்பதையும் சட்டத்தரணி எடுத்துச் சொன்னார். சீதன வீடு கைமாறிவிடுமோ என்று பிள்ளைகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது என்பதை அன்று ஏற்றுக்கொண்டேன். சீவிய உருத்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, எனக்கு வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் நன்கொடை உறுதியாக எழுதிவிட்டேன்; அவரும் மாகோவில் உள்ள வயலையும் வீட்டையும் தன் பிள்ளைகளுக்கு அவ்வாறே எழுதினார். அந்த உறுதிகள் முடிந்த பிறகு இரு தரப்புப் பிள்ளைகளின் பேச்சும் தணிந்தது. விதவைகள் ஓய்வூதியம் பெறுபவர்கள் மறுமணத்துக்கு முன்னர் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் நேரில் விசாரிக்க வேண்டும் என்று கடிதமாகவே எழுதித் தந்தார்கள். அதுவும் நல்ல நடைமுறை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். நான் என் மகளிடம் சொல்வதற்கு ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அலுவலகத்தில் இருந்து ஒருவர் அவளுக்கு நேரடியாக வட்ஸ்அப்பில் அழைத்து, அம்மாவின் விருப்பத்துக்கு உங்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று கேட்டுவிட்டார். அவசரத் தொடர்புக்கென்று நான் கொடுத்த இலக்கம் அது. மகள் அதிர்ச்சியும் கோபமும் கொண்டு அழைத்தபோது அங்கு நள்ளிரவு. எனக்குக் காலைப் பூசை நேரம். பல நாட்கள் எங்களுக்குள் பேச்சில்லை. ஆண்களின் பிள்ளைகளை இவ்வாறு அழைக்கிறீர்களா என்று நான் பின்னர் கேட்டபோது, பெரும்பாலும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அரச பாடசாலையில் முழுக்காலமும் சேவையாற்றி, பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கிய பெண்ணுக்கு, தன் வாழ்வைப் பற்றிய முடிவில் பிள்ளைகளின் அனுமதி வேண்டும் என்று ஒரு சேவை நிலையம் எண்ணுவது பெரும் அநியாயம். இப்போது யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்று எழுதிக் கையொப்பமிடும் தாள் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். புதிதாகப் பதிவுசெய்பவர்கள் அதனை நிரப்பாமல் வரக்கூடாது.

இரண்டாவது குறை இதனிலும் ஆழமானது. வினாக்கொத்தில் சாதி பற்றிய கேள்வி இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் அதே நிலையத்தில், தொலைபேசியில் பேசிய ஒருவர் தணிந்த குரலில், "ரீச்சர், நீங்கள் என்ன ஆக்கள் எண்டு தெரிஞ்சால் எங்களுக்குச் சுகம்" என்றார். இனத்தையும் மொழியையும் சமயத்தையும் தாண்டி வர ஆயத்தமாக இருப்பவரிடம் இதை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, சில ஆண்கள் விசாரிப்பார்கள் என்ற பதில் வந்தது. விசாரிப்பவர்களைத் திருப்பியனுப்புவதே அவர்களுடைய கடமை. நடத்துநரிடம் முறையிட்டேன், அவர் உண்மையிலேயே வருந்தினார். அந்தக் கேள்வி அதன்பின்னர் நின்றுவிட்டதா என்பதைப் புதிதாகப் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.

மற்றொன்று, எழுத்து முடிந்ததும் அவர்களுடைய பணி முடிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நாங்கள் இருவரும் தனித்து வாழத் தொடங்கிய முதல் மாதங்களே கடினமானவை. அவருக்குக் காய்ச்சல் கண்ட இரவில் எங்கு நோகிறது என்பதைக்கூடச் சரியாகக் கேட்டறிய முடியாமல் திண்டாடினேன். வாரம் ஒருமுறை பேச்சுச் சிங்களமும் பேச்சுத் தமிழும் கற்பிக்கும் வகுப்பொன்றை அதே மேல்மாடியில் நடத்தினால், கட்டணம் கொடுத்துச் சேரப் பலர் இருப்பார்கள். நான் இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் தனியாகச் சிங்களம் படிக்கிறேன்; என் துணைவர் மாலையில் தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளை எனக்கு வாசித்துக்காட்டுகிறார், எழுத்துக் கூட்டித்தான் என்றாலும்.

யாருக்கு இந்தச் சேவை ஏற்றது? தன் வீட்டு வழக்கங்களை மற்றவர் முற்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கு இது பொருந்தாது; வினாக்கொத்தின் நான்காம் பக்கத்திலேயே அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நடத்துநர் சொன்னார். முதுமையில் தன்னைப் பராமரிக்க ஒரு பெண் தேவை என்ற எண்ணத்தோடு மட்டும் வரும் ஆண்களும் போகவேண்டியதில்லை. அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதே நேர்மையானது. தனிமையைச் சகித்துக்கொண்டே காலத்தைக் கழிக்க வேண்டும் என்று ஊரார் விதித்ததை ஏற்க மனமில்லாத, அதேவேளை கண்ணை மூடிக்கொண்டு எதிலும் இறங்க விரும்பாத பெண்களும் ஆண்களும் தயங்காமல் போகலாம். பொட்டு வைப்பதா, பூ வைப்பதா, தாலி கட்டுவதா என்ற கேள்விகளுக்கு அங்கு யாரும் உங்களுக்கு விடை சொல்லமாட்டார்கள். நாங்கள் எழுத்தோடு நிறுத்திக்கொண்டோம், நான் பொட்டு வைத்துக்கொள்கிறேன்.

போவதற்கு முன்னர் தொலைபேசியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடி ஏற முடியாவிட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் சனிக்கிழமைகளில் மட்டுமே வருகிறார். துணைவரின் இறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியோடு இரண்டு நிழற்படப் பிரதிகளும் கொண்டுபோங்கள். காணி உறுதிகள் இருந்தால் அவற்றின் பிரதிகளும் சட்டத்தரணியுடனான முதற்சந்திப்புக்கே தேவைப்படும். வினாக்கொத்தை அங்கேயே இருந்து நிரப்ப வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக எழுதுங்கள். அதற்கு அவர்கள் அனுமதிக்கிறார்கள்.